பவுசர் வரிசையில் நின்ற பிள்ளைக்கு

கேள்வி: ஐயா, எனக்கு 27 வயது. விசுவமடுவில் அம்மாவோடு இருக்கிறேன். நான்கு வருடமாக மிதிவெடி அகற்றும் வேலை செய்கிறேன். 2009இல் அப்பாவை இழந்தோம். பிறகு யுத்த அகதிகளாக மாதக்கணக்கில் செட்டிகுளம் மெனிக் பாமில், இராமநாதன் முகாமில் இருந்தோம். அப்போது எனக்கு 11 வயது. மஞ்சள் கலனோடு தண்ணீர் பவுசர் லொறி வரிசையில் நிற்பேன், என் முறை வர முன்னமே தண்ணீர் முடிந்துவிடும். அது இன்றைக்கும் கனவில் வருகிறது. 2025 மார்ச் 28 மியன்மார் நிலநடுக்கத்தைப் போனில் பார்த்ததிலிருந்து மனம் ஒரு இடத்தில் நிற்கவில்லை. எங்களுக்கு முகம் தெரியாத ஆட்கள் தந்தார்கள், நானும் கொடுக்கவேணும் என்று இருக்கிறது. கொழும்பில் ஒரு குழு மண்டலேக்குத் தொண்டர்களைக் கூட்டிக்கொண்டு போகிறது. ஆறு கிழமை. விமானச் சீட்டுக்கும் தங்குவதற்கும் நாங்களே காசு கட்டவேணும். என்ன வேலை என்று கேட்டால் "அங்கே போனால் வேலை தானாக இருக்கும்" என்கிறார்கள். கம்பனியில் லீவு தருவார்கள். அம்மா அழுகிறா. போகலாமா? போனால் நான் உடைந்துபோவேனா?

பதில்: பிள்ளை, உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். கடைசிக் கேள்விதான் உங்களை நித்திரை கொள்ள விடாமல் வைத்திருக்கிறது என்று விளங்குகிறது. அதற்கு வருகிறேன். ஆனால் என்னை நிறுத்தியது வேறொரு வசனம். "அங்கே போனால் வேலை தானாக இருக்கும்." இப்படிச் சொல்கிற குழுவோடு போகவேண்டாம். முதலே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் காசு கட்டிவிடுவீர்களோ என்று பயமாக இருக்கிறது. ஒருநாளும் போகக்கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்தக் குழுவோடு, இந்த மாதிரிப் போகவேண்டாம் என்கிறேன்.

நான் பிஎச்ஐ, அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகராக வேலை செய்து ஓய்வு பெற்றவன். கிணறு, மலசலகூடம், நுளம்பு, இந்த மூன்றுக்குள்ளேயே என் சீவியம் போனது. சுனாமிக்குப் பிறகு முல்லைத்தீவுக் கரையில் நின்றேன். 2009இல் செட்டிகுளத்தில் நின்றேன். 2015இல் பென்சன் எடுத்த கையோடு நேபாளத்துக்குப் போனேன். ஆகவே உதவி வாங்கியவர்களையும் தெரியும், கொடுக்க வந்தவர்களையும் தெரியும். கொடுக்க வந்து கெடுத்தவர்களில் நானும் ஒருவன்தான்.

முல்லைத்தீவுக் கதையைச் சொல்கிறேன். கரையோரக் கிணறெல்லாம் கடல் ஏறி உப்பாகிவிட்டது. வெளியிலிருந்து நல்ல மனமுள்ள பெடியன்கள் சிலர் இரண்டு தண்ணி மெசினோடு வந்து இறங்கினார்கள். வந்த அன்றே வேலை தொடங்கினார்கள். ஒரு கிணற்றை அடி தெரியும்வரை இறைப்பார்கள், அடுத்ததுக்குப் போவார்கள், பின்னேரம் வந்து பார்த்தால் தண்ணீர் ஊறியிருக்கும். சந்தோசப்பட்டுத் திரும்பவும் இறைப்பார்கள். மூன்றாம் நாள் ஒரு கிழவி ஒரு வாய் அள்ளிக் குடித்துவிட்டுத் துப்பினா. "முந்தியைவிடக் கைக்குதே தம்பி" என்றா. மணல் தரையில் நல்ல தண்ணீர் என்பது கீழே கிடக்கிற உப்புத் தண்ணீருக்கு மேலே பாலாடைபோல மிதக்கிறது. மேலே இருப்பதை அவசரப்பட்டு இறைத்தால் கீழே இருப்பது மேலே ஏறும். சேறும் குப்பையும் எடுக்கிற அளவுக்கு மெதுவாக ஒருதரம் இறைத்துவிட்டு, மிச்சத்தை மழைக்கு விட்டிருக்கவேண்டும். இதைச் சொல்லக்கூடியவர்கள் ஊரிலேயே இருந்தார்கள். யாரும் கேட்கவில்லை, கேட்க நேரமும் இருக்கவில்லை. "வேலை தானாக இருக்கும்" என்று வந்தவர்களுக்கு வேலை தானாகத்தான் இருந்தது.

அதே நேரம் ஒரு பள்ளிக்கூட மண்டபம் நிறைய உடுப்பு வந்து குவிந்தது. டிசம்பர் மழைப் புழுக்கத்தில் நிற்கிற சனத்துக்குக் கம்பளிக் கோட்டு. அதைப் பிரித்து அடுக்க எட்டுப் பேருக்கு மூன்று நாள் போனது. அந்த எட்டுப் பேரை நான் மலசலகூடக் குழி வெட்டக் கேட்டு வைத்திருந்தேன்.

சரி, நேபாளத்துக்கு வருவோம். 2015 ஏப்ரல் 25, சனிக்கிழமை, மதியத்துக்குக் கொஞ்சம் முன்னர் 7.8 அளவில் அடித்தது. அங்கே பள்ளிக்கூட விடுமுறை சனிக்கிழமைதான். அதனால் தப்பிய பிள்ளைகள் ஆயிரக்கணக்கு. அப்படி இருந்தும் 9,000 பேரளவில் செத்துப்போனார்கள். காத்மண்டுவில் பெரிய விமானம் இறங்க ஓடுபாதை ஒன்றே ஒன்று. உலகம் முழுக்க அதற்குள் இறங்கப் பார்த்ததில் ஓடுபாதை வெடித்து, மே 3ஆம் திகதி பெரிய விமானங்களை மறித்தார்கள். அந்த ஆசனங்களில் இருந்தவர்களில் எத்தனை பேரை யார் கேட்டு அழைத்தார்கள் என்று நான் யோசிப்பதுண்டு. இடிபாட்டுக்குள் உயிரோடு கிடந்தவர்களில் கூடுதலானவர்களை அயல்வீட்டுக்காரர்தான் முதல் நாளே கையாலும் மண்வெட்டியாலும் எடுத்துவிடுகிறார்கள். எந்த நாட்டு நிலநடுக்கத்திலும் கதை அதுதான். வெளியிலிருந்து போகிறவனுக்கு மிஞ்சுவது அதற்குப் பிந்திய வேலை. தண்ணீர், கூரை, மலசலகூடம், மருந்து, கணக்கு. போட்டோ எடுக்க வடிவில்லாத வேலைகள்.

நான் நின்ற இடம் சௌதாரா, சிந்துபால்சோக் மாவட்டம், சாவு கூடிய மாவட்டம் அதுதான். மலை ஊற்றிலிருந்து குழாயில் வந்த தண்ணீர் நின்றுபோயிருந்தது. சில ஊற்றுகள் வற்றி, வேறு இடத்தில் புதிதாகக் கிளம்பியிருந்தன. தாங்கி வைத்துக் குளோரின் போடுவது என் பொறுப்பு. இதில் எனக்குப் பெருமை அதிகம், மெனிக் பாமில் செங்கண்மாரி பரவின நேரம் இரவு பகலாக இதைத்தானே செய்தோம். நூற்றுக்கு ஒன்று கரைசல் தயாரித்து, ஊற்றிக் கலக்கி, அரை மணித்தியாலம் விட்டு, குளோரின் மிச்சம் இருக்கிறதா என்று காட்டுகிற சோதனை மாத்திரை போட்டுப் பார்த்தேன். இளஞ்சிவப்பு வரவில்லை. தண்ணீர் கலங்கல், மண்சரிவு மண். கலங்கல் தண்ணீர் குளோரினைத் தின்றுவிடும், முதலில் தெளியவிடவேண்டும். எனக்குத் தெரியாத விசயமில்லை. வரிசை நீளமாக நின்றது, அதனால் இரட்டிப்பாக ஊற்றினேன். நிறம் வந்தது. மணமும் வந்தது. சனம் ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை நிலத்தில் ஊற்றி, கலனைத் தூக்கிக்கொண்டு பழையபடி ஊற்றடிக்குப் போனது. அந்த ஊற்றுக்கு மேல்பக்கம்தான் ஊரின் மலசலகூடம் எல்லாம் இடிந்து கிடந்தது.

அதைச் சரிக்கட்டியது நானில்லை. அந்த நாட்டில் 1988இலிருந்து ஊருக்கு ஊர் பெண் சுகாதாரத் தொண்டர்கள் இருக்கிறார்கள், ஐம்பதாயிரம் பேர்வரை. எங்கள் வார்டுக்கு இருந்தவ ஐம்பது வயதுக்காரி, எழுத்து அவ்வளவு வராது, சொந்த வீடு தரைமட்டம். அவ என் தாங்கியைத் திறந்து மணந்து பார்த்தா, முகத்தைச் சுளித்தா, பெரிய பீப்பா இரண்டில் தண்ணீரை இரவு முழுக்கத் தெளியவிடச் சொன்னா. காலையில் அளவாகக் குளோரின் போட்டதும் முதல் கோப்பையைச் சனத்துக்கு முன்னால் தான் குடித்தா. அடுத்ததைத் தன் பேரனுக்குக் கொடுத்தா. அவ்வளவுதான். அன்றைக்குப் பின்னேரமே வரிசை திரும்பவும் நின்றது. அவவுக்கு நான் தேவையா என்று நீங்கள் கேட்டால், தேவைதான். குளோரின் தூளும் சோதிக்கிற பெட்டியும் என்னிடம் இருந்தது, மாத்திரை நிறம் வாசிக்க அவவுக்கு நான் காட்டிக்கொடுத்தேன். அங்கே அவ்வளவுதான் எனக்கு இருந்த இடம்.

இப்போது உங்கள் இடம் எது என்று பார்ப்போம். "என்னிடம் என்ன இருக்கிறது, நான் சாதாரண பிள்ளை" என்ற தொனி உங்கள் கடிதத்தில் இருக்கிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. நாலு வருடம் மிதிவெடி வயலில் நின்ற ஒருத்திக்கு முதலுதவி தெரியும், இரத்தம் மறிக்கத் தெரியும், காயப்பட்டவரைக் காவத் தெரியும், வெயிலில் தலைக்கவசத்தோடு ஒழுங்காக மூச்சு விடத் தெரியும். அதைவிட, குறியிட்ட பாதையை விட்டுக் கால் வைக்கக்கூடாது என்று உடம்புக்கே தெரியும். மியன்மாரில் இது சின்ன விசயமில்லை. 2023இல் உலகத்திலேயே கூடுதலான மிதிவெடிப் பாதிப்புப் பதிவானது அந்த நாட்டில்தான், ஆயிரத்துக்கு மேல். நிலநடுக்கத்தின் மையமான சகாயிங் பக்கம் சண்டை நடக்கிற பூமி. 7.7 அளவில் அடித்து, மூவாயிரத்துக்கு மேல் சனம் செத்து, ஐராவதி ஆற்றின் பழைய பாலம் விழுந்த அதே இடத்தில் சோதனைச் சாவடியும் இருக்கிறது, வெடிபொருளும் இருக்கிறது. வீதியோரம் ஒதுங்குவதற்குக்கூட யோசித்துத்தான் இறங்கவேண்டும். உங்கள் கொழும்புக் குழு இதைப் பற்றி ஒரு வசனமாவது சொன்னதா? சொல்லியிருந்தால் எழுதியிருப்பீர்கள். ஒன்று மட்டும்: அங்கே ஏதாவது கண்டால் அடையாளம் வைத்து அறிவிப்பதோடு நிறுத்துங்கள். இங்கே உங்களுக்குப் பின்னால் மேற்பார்வையாளரும் அம்புலன்சும் நிற்கிறது, அங்கே நிற்காது.

இன்னொன்றையும் நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை. முகாமில் இருந்த பெண்பிள்ளை நீங்கள். மலசலகூடக் கதவுக்கு உள்பக்கம் கொக்கி இருக்கிறதா, இரவில் அந்த வழியில் வெளிச்சம் இருக்கிறதா என்று உங்கள் கண் தானாகப் போகும். என்னைப் போன்ற ஆம்பிளைகள் 20 பேருக்கு ஒரு மலசலகூடம் என்று கணக்கை முடித்துவிட்டு, பெண்கள் ஏன் அதைப் பாவிக்கவில்லை என்று இரண்டு கிழமை மண்டையைப் போட்டு உடைப்போம். அப்புறம் யாரோ ஒரு அம்மா இரகசியமாக வந்து சொல்லுவா.

உங்கள் பவுசர் வரிசைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. பேரிடர் வேலையில் உலகமெங்கும் பாவிக்கிற அளவு, ஆளுக்கு நாளைக்குக் குறைந்தது 15 லீற்றர், 250 பேருக்கு ஒரு குழாய். நீங்கள் 11 வயதில் நின்ற வரிசை அந்த அளவுக்கு வரவில்லை என்பதற்கு நீங்கள் பிந்தி வந்தது காரணமில்லை. இதை ஏன் சொல்கிறேன் என்றால், இத்தனை வருடம் கழித்தும் அந்தப் பிள்ளையை நீங்கள்தான் குற்றவாளிபோல வைத்திருக்கிறீர்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

குழுவிடம் கேட்கவேண்டியதைச் சொல்கிறேன், எழுத்தில் கேளுங்கள். அங்கே உங்களை யார் கேட்டார்கள், எந்த ஊர், எந்த உள்ளூர் அமைப்பு, அவர்களுடைய கடிதம் எங்கே. உங்கள் வேலையின் பெயர் என்ன, யாருக்குக் கீழே. எந்த விசா. சுற்றுலா விசாவில் போய் நிவாரண வேலை செய்யலாம் என்று சொன்னால் அதிலேயே பேச்சை முடித்துவிடுங்கள், பிடிபட்டால் அகப்படுவது நீங்களும் உங்களோடு நின்ற உள்ளூர்ச் சனமும். காயப்பட்டால் வெளியில் கொண்டுவர யார் காப்புறுதி எடுத்திருக்கிறார்கள். மொழிபெயர்க்க யார். காசு கட்டுவதே பிழை என்று சொல்லமாட்டேன், நேபாளத்துக்கு நானும் என் சீட்டை நானே வாங்கித்தான் போனேன். ஆனால் எனக்கு முன்கூட்டியே கையில் ஒரு தாளில் வேலை எழுதித் தந்திருந்தார்கள். இந்தக் கேள்விகளுக்கு இரண்டு நாளில் பதில் வந்தால் எனக்குத் திரும்ப எழுதுங்கள், என் பதிலை மாற்றவும் தயார். "இவ்வளவு யோசிக்கிறவர்கள் தொண்டு செய்யமுடியாது" என்று வந்தால் அதுவும் பதில்தான்.

அவசரப்படவும் தேவையில்லை. மே கடைசியில் அங்கே மழை தொடங்கும். மண்டலே வன்னி மாதிரியே உலர் வலயம். ஆனால் மழை வந்தால் கூடாரத்துக்குக் கூடாரம் வாய்க்கால் ஓடும், குழிகள் நிரம்பும், 2009 ஆகஸ்டில் நாங்கள் பட்டதைப்போல. கமெரா எல்லாம் அப்போது வேறெங்காவது போயிருக்கும். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்துத்தான் ஆள் தட்டுப்பாடு வரும், பழகின கைகளைத் தேடுவார்கள். அதுவரை கிளிநொச்சியில் செஞ்சிலுவைச் சங்கக் கிளையில் பெயரைக் கொடுத்து, தண்ணீர் சுத்திகரிப்பிலும் முகாம் சுகாதாரத்திலும் பயிற்சி கேளுங்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளம் வான் பாய்ந்தபோது ஒரே இரவில் எத்தனை பள்ளிக்கூடத்தில் சனம் வந்து ஏறியது என்று உங்களுக்கே தெரியும். அப்படி ஒரு இரவில் ஒரு பள்ளிக்கூடத்துத் தண்ணீருக்கு நீங்கள் பொறுப்பாக நின்று பாருங்கள். இந்த வருடம் சீட்டுக்கு வைத்த காசில் ஒரு பகுதியை அனுப்பத்தான் வேணும் என்று மனம் சொன்னால், உள்ளூர் ஆட்களை வைத்து வேலை செய்கிற ஒரு அமைப்புக்கு அனுப்புங்கள். அங்கேயும் மேசனும் இருக்கிறான், குழி வெட்டுகிறவனும் இருக்கிறான், கூலிதான் இல்லை.

உடைந்துபோவேனா என்று கேட்டீர்கள். தெரிந்த ஒன்றைச் சொல்கிறேன். சௌதாராவில் மே 12ஆம் திகதி, மதியம் ஒரு மணிக்குக் கிட்ட, நான் தாங்கிக்குப் பக்கத்தில் குனிந்து நின்றேன். முதலில் தாங்கிக்குள் தண்ணீர் ஒரு பக்கமாகச் சரிந்து ஏறியது. பிறகுதான் சத்தம், பிறகுதான் ஆட்கள் கத்தினார்கள். 7.3. ஊரில் மிச்சம் நின்ற வீடுகளும் விழுந்தன. அதில் நான் உடையவில்லை, ஓடி ஓடி வேலை செய்தேன். இரண்டு நாள் கழித்து, ஒன்றுமே நடக்காத ஒரு மத்தியானத்தில், தரப்பாளுக்குக் கீழே சோறு சாப்பிட இருந்தேன். வெயிலில் தரப்பாள் காய்ந்து ஒரு மணம் வரும், உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கை சோற்றிலேயே நின்றுவிட்டது. நான் செட்டிகுளத்தில் இருந்தேன். எவ்வளவு நேரமோ தெரியாது. அறுபது வயது மனுசன், வெட்கமாக இருந்தது. ஆனாலும் குழுத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, இரண்டு நாளைக்குக் களஞ்சியத்தில் பெட்டி எண்ணுகிற வேலையில் போட்டார். அது போதும் எனக்கு. உங்களுக்கும் அப்படி ஒன்று வரலாம், பெரும்பாலும் வரும். அந்த நேரத்தில் போய்ச் சொல்ல ஒரு ஆள் இருக்கிறாரா, சொன்னால் வேலையை மாற்றித் தருவாரா என்றுதான் பார்க்கவேணும். ஆறு கிழமையும் தனியாக ஓடவிடுகிற குழு என்றால் யாராக இருந்தாலும் கஷ்டம். போக முடிவெடுக்க முன்னம் கிளிநொச்சி மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவில் ஒரு தரம் இருந்து கதையுங்கள். அந்தக் கனவைப் பற்றியும் சொல்லுங்கள். மண்டலேக்குப் போகாவிட்டாலும் அதைச் சொல்லத்தான் வேணும்.

அங்கே போனபிறகு ஒரு ஆசை வரும், "நானும் இப்படித்தான் முகாமில் இருந்தனான்" என்று அந்தச் சனத்துக்குச் சொல்ல. அடக்கிக்கொள்ளுங்கள். அவர்களுடைய நேரத்தில் உங்கள் கதையை அவர்கள் கேட்கவேண்டி வரும். "என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்று தோண்டவும் வேண்டாம். வற்புறுத்திச் சொல்லவைப்பதில் நன்மை இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. 2011இல் அவர்கள் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்றே சொல்லில் நிற்கிறது: பார், கேள், இணை. எங்கள் பாசையில், தண்ணீர் கிடைத்ததா, பிள்ளைகள் எங்கே, யாரிடம் கூட்டிக்கொண்டு போக.

அம்மா. இதில் நான் நீதிபதியாக வரமாட்டேன். கட்டினவரையும் இழந்து, ஒரு பிள்ளை தினமும் வெடி வயலுக்குப் போய்வருவதையும் நாலு வருடம் பொறுத்த மனுசி அவ. அவ அழுவது மியன்மாருக்காக மட்டும் இருக்காது. நீங்கள் வேலைக்குப் போகிற ஒவ்வொரு காலையும் அவ அழாமல் விட்டதும் அதில் சேர்ந்திருக்கும். அவவைச் சமாதானப்படுத்தப் பொய் சொல்லிக் கிளம்பவேண்டாம், "கொழும்பில் பயிற்சி" என்று சொல்லிவிட்டுப் போன ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும். எந்த ஊர், யாரோடு, எந்த நாள் எந்த நேரம் அழைப்பீர்கள், அழைப்பு வராவிட்டால் யாரைக் கேட்பது, இது நாலும் ஒரு தாளில் எழுதி அவவின் கையில் கொடுக்கக்கூடிய ஒரு பயணம் வரட்டும். அந்தத் தாளை நிரப்ப முடியவில்லை என்றால் அம்மா சொல்வதுதான் சரி.

அப்படி ஒரு நாள் வந்து புறப்பட்டால், ஒரு மாதத்துக்கு முன்னமே தடுப்பூசி அட்டையைத் தேடி எடுங்கள். வேலையில் சேரும்போது ஏற்பு ஊசி போட்டிருப்பீர்கள், எந்த வருடம் என்று பாருங்கள், நெருப்புக் காய்ச்சலுக்கும் செங்கண்மாரிக்கும் உள்ளதை வைத்தியரிடம் கேளுங்கள். மலேரியாத் தடை இயக்கத்தின் அலுவலகத்துக்குப் போய்ப் போகிற நாட்டைச் சொன்னால் தடுப்பு மாத்திரை இலவசமாகத் தருவார்கள், திரும்பி வந்த பிறகும் சொன்ன நாள்வரை குடிக்கவேணும். வன்னியில் மலேரியா வராத வீடு இல்லாத காலம் ஒன்று இருந்தது, உங்கள் அம்மாவுக்கு அந்தக் கசப்பு மாத்திரை ஞாபகம் இருக்கும். 2016இல் இலங்கையில் மலேரியா இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் சான்று தந்தது. ஆனால் அந்த நுளம்பு எங்கேயும் போகவில்லை, இங்கேதான் இருக்கிறது. ஆகவே வந்து ஒரு வருடத்துக்குள் காய்ச்சல் என்றால், டெங்காக இருக்கும் என்று பனடோலோடு வீட்டில் படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், பெயரைச் சொல்ல முன்னமே "மியன்மாருக்குப் போய் வந்தனான்" என்று சொல்லுங்கள். விரலில் குத்தி இரத்தம் பார்க்க அதிக நேரம் எடுக்காது.